மின்னஞ்சல் சந்தைப்படுத்தல் சான்றிதழ்த் தேர்வு: கோத்தகிரிக் கடையிலிருந்து சில குறிப்புகள்

மின்னஞ்சல் சந்தைப்படுத்தல் பற்றி அமெரிக்க மென்பொருள் நிறுவனமான ஹப்ஸ்பாட்டின் அகாடமி இணையத்தில் இலவசமாக நடத்தும் சான்றிதழ்ப் படிப்பை முடித்து, அதன் தேர்விலும் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். கோத்தகிரியில் எங்கள் குடும்பத்துக்குத் தேயிலையும் தைலமும் விற்கும் சிறு கடை ஒன்று இருக்கிறது. குன்னூர், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தேன், மிளகு, காப்பி, சாக்லேட் விற்கும் வீடுகளின் பிள்ளைகள் இந்தத் தேர்வைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாடங்கள் பலவாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்த மின்னஞ்சல் கடிதத்தை இந்த ஆள் கேட்டாரா? தேர்வில் தடுமாற வைக்கும் கேள்வி வரும்போது இதை மனத்தில் கேட்டுப் பாருங்கள். தரப்பட்ட விடைகளில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். பல மாதங்களாகக் கடிதத்தைத் திறக்காதவர்களை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தால், இன்னும் அதிகமாக அனுப்புவது விடையாக இருக்க முடியாது. "தொடர்ந்து வேண்டுமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பதில் இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதுதான் விடை. விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியல், சட்டென்று கண்ணில் படாதபடி ஒளித்துவைத்த, பட்டியலிலிருந்து விலகுவதற்கான இணைப்பு, உள்ளே இல்லாததை வாக்களிக்கும் தலைப்பு எல்லாம் இந்த ஒரு கேள்வியிலேயே அடிபட்டுப் போகும்.

விளம்பர மின்னஞ்சலின் வரலாறும் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. 1978 மே மாதம் அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனைச் சேர்ந்த கேரி தூர்க், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்குக் கணினி விளம்பரம் ஒன்றை ஒரே நேரத்தில் அனுப்பினார். கணினிகள் விற்றன, கூடவே கண்டனமும் குவிந்தது. அந்த 400 பேரும் கேட்டு வாங்கிய கடிதம் அல்ல அது.

நம் மலைக்கு இந்தப் படிப்பு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் கோத்தகிரி காய்கறிக் கண்காட்சி, குன்னூர் பழக் கண்காட்சி, ஊட்டி மலர்க் கண்காட்சி என்று கூட்டம் ஏறிவரும். கடையில் நின்று மணம் பார்த்து, கேள்வி கேட்டு, கால் கிலோ வாங்குவார்கள். மலையிறங்கியதும் அவர்களுக்கும் நமக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும். அடுத்த பாக்கெட்டைத் தங்கள் ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள்வார்கள். 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. நினைத்தவுடன் கிளம்பி வருவது முன்போல் எளிதல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடைத்தெரு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த மாதங்களிலும் பார்சல் போக வேண்டுமென்றால், வந்து போனவரோடு பேச ஒரு வழி வேண்டும்.

ஆகவே என் முதல் ஆலோசனை: பாடத்தைத் தொடங்கும் நாளிலேயே உண்மையான பட்டியல் ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். முப்பது முகவரிகள் போதும். எங்கள் கடையில் பணம் வாங்கும் இடத்தில் ஒரு நோட்டு இருக்கும். என் அக்கா வாடிக்கையாளரிடம், "அம்மா, புதுத் தேயிலை வரும்போது மாதம் ஒரு கடிதம் அனுப்பலாமா?" என்று கேட்பாள். சரி என்பவர் தன் கையாலேயே முகவரியை எழுதுவார். அன்று இரவே அவருக்கு உறுதிப்படுத்தும் அஞ்சல் போகும். அதில் உள்ள இணைப்பை அவர் அழுத்தினால்தான் பட்டியலில் சேர்ப்போம். இரட்டை ஒப்புதல் என்று பாடம் சொல்வது இதைத்தான். கையெழுத்து புரியாமல் பிழையாக ஏற்றிய முகவரிகள் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவது கூடுதல் லாபம்.

சட்டப் பகுதியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். படிப்பு அமெரிக்காவிலிருந்து வருவதால் அங்கே 2003-இல் வந்த கேன்-ஸ்பாம் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கடிதத்தில் அனுப்புநரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், தலைப்பு ஏமாற்றக் கூடாது, விலக விரும்புவோரை 10 வேலை நாட்களுக்குள் விடுவிக்க வேண்டும். ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதி இன்னும் கண்டிப்பானது. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒப்புதல் தெளிவாகவும் தன்னிச்சையாகவும் இருக்க வேண்டும், கொடுத்த அளவுக்கு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது அது. நோட்டில் வாங்கிய முகவரியைக் கணினியில் ஏற்றியதும் அதுவும் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிடுகிறது. தேர்வில் இந்தியச் சட்டத்தைக் கேட்காமல் போகலாம். கடை நடத்துகிறவருக்கு அதுதான் முக்கியம்.

அடுத்தது கணக்கு. பலர் பயப்படுவது இங்கேதான். பயப்பட இதில் ஒன்றும் இல்லை, எதை எதால் வகுக்கிறோம் என்பது மட்டும் தெளிவாக இருந்தால் போதும். 250 கடிதம் அனுப்புகிறீர்கள், 10 திரும்பிவிடுகின்றன என்று வையுங்கள். போய்ச் சேர்ந்தவை 240. அவற்றில் 96 பேர் திறந்தால் திறப்பு விகிதம் 40 சதவீதம். 24 பேர் உள்ளே இருக்கும் இணைப்பை அழுத்தினால், 240-ஆல் வகுத்து 10 சதவீதம். அதே 24-ஐத் திறந்த 96 பேரால் வகுத்தால் 25 சதவீதம். இந்த இரண்டு எண்களும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். முதல் எண், பட்டியலும் தலைப்பும் உள்ளடக்கமும் சேர்ந்து எப்படி வேலை செய்தன என்று காட்டும். இரண்டாவது, திறந்து படித்தவருக்கு உள்ளே இருந்தது பிடித்ததா என்று மட்டும் காட்டும். திரும்பிய பத்தையும் பிரித்துப் பாருங்கள். முகவரியே இல்லை என்று வந்தால் அது நிரந்தரத் திரும்பல், உடனே நீக்க வேண்டும். பெட்டி நிறைந்துவிட்டது என்று வந்தால் தற்காலிகமானது, சற்றுப் பொறுக்கலாம்.

திறப்பு விகிதத்தைப் பற்றிப் பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். கடிதத்துக்குள் வைத்த கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம் இறங்கினால்தான் திறந்ததாகக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 15-உடன் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த தனியுரிமை வசதி, பயனர் கடிதத்தைத் திறக்காவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அதனால் திறப்பு எண் உப்பித் தெரியும். அழுத்தியவர்கள், பதில் எழுதியவர்கள், வாங்கியவர்கள் ஆகியோரைத்தான் நான் நம்புகிறேன்.

தொழில்நுட்பப் பகுதியில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று பெயர்கள் வரும். கடிதம் உண்மையில் நம்மிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் ஏற்பாடுகள் இவை. தேயிலைத் தொழிற்சாலையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். எங்கள் பெயரில் சரக்கு ஏற்ற எந்தெந்த லாரிகளுக்கு அனுமதி என்று வாசலில் ஒட்டிய பட்டியல் எஸ்பிஎஃப். வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று காட்டும் மூட்டையின் முத்திரை டிகேஐஎம். இரண்டும் பொருந்தாத சரக்கு வந்தால் ஏற்பதா, ஒதுக்குவதா, திருப்பி அனுப்புவதா என்று வாங்குபவருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் உத்தரவு டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இதில் கெடுபிடி காட்டுகின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம், ஒரே அழுத்தலில் விலகும் வசதியும் கட்டாயம். வேண்டாத அஞ்சல் (ஸ்பேம்) என்று பெறுபவர்கள் செய்யும் புகார் 0.3 சதவீதத்தை எட்டவே கூடாது. நாம் அவ்வளவு அனுப்புவதில்லை. ஆனால் கடையின் ஜிமெயில் முகவரியையே அனுப்புநராகப் போட்டு, வேறொரு சேவை வழியாகக் கடிதம் அனுப்புவது இன்று ஆபத்து. கடைக்கென்று சொந்த இணையப் பெயர் (டொமைன்) ஒன்று வாங்கிவிடுங்கள்.

தமிழில் கடிதம் எழுதுகிறவர்களுக்குப் பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எழுத்துகளைக் கணினியில் பதிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'தேயிலை' என்ற சொல்லில் மெய்யும் உயிர்க்குறியுமாக 6 குறியீடுகள், ஆக 18 பைட். ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டும் கடிதத்தை ஜிமெயில் வெட்டிவிட்டு, மீதியை இணைப்புக்குப் பின்னால் வைத்துவிடும். படங்கள் வெளியிலிருந்து வருவதால் இதில் சேராது. சாதாரணக் கடிதம் இந்த அளவுக்குப் போகாது. வேர்டில் எழுதி அப்படியே ஒட்டும்போது ஒட்டிக்கொண்டு வரும் வடிவமைப்புக் குறிகளும் தமிழும் சேர்ந்தால் அந்த அளவைத் தாண்டிவிடும். வெட்டுப்படுவது எப்போதும் அடிப்பகுதிதான், விலகும் இணைப்பு இருப்பதும் அங்கேதான். விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்திவிடுவார்.

தலைப்பிலும் இதே கவனம் வேண்டும். கைபேசியில் சில சொற்களுக்கு மேல் தெரியாது, நம் சொற்களோ நீளமானவை. "எங்கள் அன்பான வாடிக்கையாளர்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி" என்று தொடங்கினால் செய்தி வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும். "உறைபனித் தேயிலை வந்துவிட்டது" என்று எழுதுங்கள். விலை, அளவு, கடைசித் தேதி எல்லாம் தலைப்பை அடுத்துத் தெரியும் முன்னோட்ட வரிக்குப் போகட்டும். அந்தக் கடிதத்தையும் எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் பறிக்கும் இலைத் தேயிலை, தினமும் பால் சேர்த்துக் குடிக்கத் தூள் வாங்குகிறவருக்கு வேண்டியதில்லை. தைலம் மட்டும் வாங்குபவருக்கு அறவே வேண்டியதில்லை. நோட்டில் முகவரிக்குப் பக்கத்தில் என்ன வாங்கினார் என்று ஒரு சொல் எழுதிவைத்தால், பட்டியலைப் பிரிப்பது பற்றிய பாடம் முழுவதும் கைக்கு வந்துவிடும்.

தேர்வு நேரக் கணக்குள்ளது, கேள்விகள் ஆங்கிலத்தில். கேள்வி கடினமாக இருப்பதில்லை, வாக்கியம் நீளமாக இருக்கும். 'இவற்றில் எது அல்ல' என்று முடியும் கேள்விகளை இரண்டு முறை படியுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும் ஊர் நம்முடையது. மடிக்கணினியை முழுவதும் சார்ஜ் செய்து, கைபேசி இணையத்தையும் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். தேர்ச்சி பெறாவிட்டால் உடனே எழுத முடியாது, சில மணி நேரம் இடைவெளி உண்டு. அந்த நேரத்தில் வீடியோக்களை மறுபடி ஓட்டுவதைவிட, கடைசியாக அனுப்பிய உங்கள் கடிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடத்தையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குன்னூரிலோ கொடைக்கானலிலோ விடுதிகளில் இந்த மின்னஞ்சல் வேலைக்குப் போக நினைப்பவர்கள் சான்றிதழை மட்டும் கொண்டு போகாதீர்கள். நீங்கள் அனுப்பிய நான்கைந்து கடிதங்களையும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் அழுத்தினார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்ற கணக்கையும் ஒரே தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். வாடிக்கையாளர்களின் பெயரும் முகவரியும் அந்தத் தாளில் இருக்கக் கூடாது. சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதையும் இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.