கடல் மாறியதா, அளவுகோல் மாறியதா?

சில வாரங்களாக மாலை நேரங்களில் ஒரே வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வட அட்லாண்டிக்கின் 26.5 பாகை அட்சக்கோட்டைக் கடந்து நிகரமாக எவ்வளவு மேல்நீர் வடக்கே போகிறது என்பதை 2004 ஏப்ரல் முதல் கணித்துவரும் ரேபிட் திட்டத்தின் தரவு அது. யாரும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். மேல்நீர் வடக்கே போய், குளிர்ந்து, ஆழத்தில் தெற்கே திரும்பும் இந்தப் பெருஞ்சுற்றைத்தான் அட்லாண்டிக் சுழற்சி என்கிறார்கள். சராசரி ஏறத்தாழ 17 ஸ்வெர்ட்ரப். ஒரு ஸ்வெர்ட்ரப் என்பது நொடிக்குப் பத்து லட்சம் கன மீட்டர் நீர்.

அந்த நீர் சுமந்து செல்லும் வெப்பத்தைத் தாளும் பேனாவும் கொண்டே கணக்கிடலாம். ஒரு கன மீட்டர் கடல்நீரை ஒரு பாகை சூடாக்கச் சுமார் 41 லட்சம் ஜூல் தேவை. மேலே வடக்கு நோக்கிப் போகும் நீருக்கும், குளிர்ந்து ஆழத்தில் தெற்கே திரும்பும் நீருக்கும் இடையே 17 பாகை வேறுபாடு என்று வைத்துக்கொண்டு இம்மூன்றையும் பெருக்கினால் 1.2 பெட்டாவாட் வருகிறது. ஒரு பெட்டாவாட் என்றால் ஒன்றுக்குப் பின் 15 சுழிகள் இட்ட வாட். ஐரோப்பாவின் குளிர்காலம் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதில் இந்த எண்ணுக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் 17 என்ற எண்ணை எந்தக் கருவியும் நேரடியாகக் காட்டுவதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள பெருங்கடலின் குறுக்கே எல்லா ஆழத்திலும் வேகமானிகளைக் கட்டித் தொங்கவிட முடியாது. எனவே கரைகளைப் பார்க்கிறார்கள். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் ஓடும் நீரைப் பக்கவாட்டில் திருப்பும் கொரியோலிஸ் விசையும் அழுத்த வேறுபாடும் பெருநீரோட்டங்களில் ஒன்றையொன்று ஈடுசெய்து நிற்பதால், மேற்கு விளிம்பிலும் கிழக்கு விளிம்பிலும் நீரின் அடர்த்தி ஆழத்தோடு எப்படி மாறுகிறது என்று தெரிந்தால், இடையிலுள்ள நீர் மொத்தமாக எப்படி நகர்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். இதற்காகப் பஹாமாஸ் அருகிலும், நடு அட்லாண்டிக் மலைத்தொடரிலும், ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலும் கடலடியில் நங்கூரமிட்ட கம்பிகளில் வெப்பநிலையையும் உவர்ப்பையும் பதியும் கருவிகள் தொங்குகின்றன. காற்று தள்ளும் மேற்பரப்பு நீரைத் தனியே கணக்கிட்டுச் சேர்க்கிறார்கள். கடைசியில், அட்சக்கோட்டைக் கடந்து வடக்கே போகும் நீரும் தெற்கே வரும் நீரும் சமம் என்று கொண்டு கணக்கை முடிக்கிறார்கள். நியாயமான அனுமானந்தான், ஆனாலும் அது அனுமானம். நாம் 'அளவீடு' என்று சொல்லும் எண்ணுக்குள்ளேயே ஒரு சிறிய கணக்கு மாதிரி அமர்ந்திருக்கிறது.

புளோரிடா நீரிணையில் பாயும் சுமார் 31 ஸ்வெர்ட்ரப் நீரை மட்டும் வேறு வழியில் அறிந்தார்கள். (அதில் ஒரு பகுதி நடுக்கடலில் மேலேயே தெற்கே திரும்பிவிடுவதால்தான் நிகரம் 17 ஆகிறது.) உப்புநீர் மின்கடத்தி, அது புவியின் காந்தப்புலத்தில் நகரும்போது மின்னழுத்தம் உண்டாகிறது. மைக்கேல் ஃபாரடே 1832இல் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் தேம்ஸ் ஆற்றை வைத்து இதைச் சோதித்துத் தெளிவான விடை காணாமல் திரும்பினார். புளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் இடையே கடலடியில் கிடந்த தொலைபேசிக் கம்பியில் 1982இல் இதே மின்னழுத்தத்தைப் படிக்கத் தொடங்கினார்கள். எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

அந்தக் கம்பியே ஒரு பாடமும் கற்பித்தது. புவியின் காந்தப்புலம் நிலையானதன்று, மெல்ல மாறிக்கொண்டே இருக்கிறது. மின்னழுத்தத்தை நீரோட்டமாக மாற்றும் கணக்கில் அந்த மாற்றம் சேர்க்கப்படாததால், புளோரிடா நீரோட்டம் மெல்லத் தளர்வதுபோல் தோன்றியது. 2024இல் வெளியான ஆய்வு அதைத் திருத்தியபோது, நாற்பது ஆண்டுகளாக அந்நீரோட்டம் ஏறத்தாழ நிலையாகவே இருந்திருப்பது தெரிந்தது. அட்லாண்டிக் சுழற்சியில் ரேபிட் அதுவரை காட்டியிருந்த ஒட்டுமொத்தச் சரிவிலும் சுமார் 40 விழுக்காடு மறைந்தது.

இதற்கு முன்பும் இப்படி ஒரு தருணம் வந்தது. 2005இல் கடலியலாளர் ஹாரி பிரைடன் குழுவினர், 1957 முதல் 2004 வரையிலான ஐந்து கப்பல் பயணங்களின் அளவுகளை ஒப்பிட்டு, சுழற்சி 30 விழுக்காடு தளர்ந்திருக்கிறது என்றார்கள். பிறகு ரேபிட்டின் முதல் ஓராண்டுத் தரவு வந்தது. அதே அளவு ஒரே ஆண்டுக்குள் 4இலிருந்து 35 ஸ்வெர்ட்ரப் வரை ஏறி இறங்கியிருந்தது. என் வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நாள்களைத் தொட்டுப் பார்த்தேன். ஒருமுறை சரிவு வந்தது, மறுமுறை ஏற்றம். பிரைடன் குழுவினரைக் குறை சொல்லமாட்டேன். அன்று கையில் இருந்தவை அந்த ஐந்து பயணங்கள்தான்.

கடலின் இயக்கத்தைக் கணிக்கும் கணினி மாதிரியைத் தரவோடு இணைப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். வழக்கமான முறையில், மாதிரி ஓடும்போது அவ்வப்போது அதைத் தரவின் பக்கம் இழுத்துவிடுவார்கள். வானிலைக் கணிப்புக்கு அது போதும். வெப்பக் கணக்குக்குப் போதாது; ஒவ்வோர் இழுப்பிலும் எங்கிருந்தும் வராத வெப்பம் கடலில் தோன்றும், அல்லது காரணமின்றிக் காணாமற்போகும். எக்கோ என்னும் திட்டத்தினர் இதைத் தவிர்க்கிறார்கள். தொடக்க நிலை, காற்று, மேற்பரப்பு வெப்பம், நீர்க்கலப்பு ஆகியவற்றை மட்டுமே மறுபடி மறுபடி திருத்தி, 1992 முதல் இடையில் கை வைக்காமல் மாதிரியை ஓடவிட்டு, செயற்கைக்கோள்களும், கடலில் மூழ்கி எழுந்து அளக்கும் ஆர்கோ மிதவைகளும் தரும் அளவுகளுக்கு அருகே கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு ஜூலுக்கும் கணக்கு இருக்கிறது. செலவு மிகுந்த, பொறுமை வேண்டிய வேலை. வெப்பத்தைப் பற்றிப் பேச விரும்புவோருக்கு வேறு நேர்மையான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வரைபடத்தில் நான் அடிக்கடி திரும்பிப் பார்க்கும் இடம் 2009-10. ஏறத்தாழ ஓராண்டுக்குச் சுழற்சி 30 விழுக்காடு குறைந்தது. தொலைபேசிக் கம்பியோ நங்கூரக் கருவிகளோ தவறாகக் காட்டியிருக்கலாம் என்று எண்ண அங்கே இடமில்லை. அவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத, பத்து நாள்களுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்துகொண்டே மேலெழும் ஆர்கோ மிதவைகள், அந்த அட்சக்கோட்டுக்கு வடக்கேயுள்ள நீர் அதே காலத்தில் குளிர்ந்ததைப் பதிவுசெய்திருக்கின்றன. அந்த ஓராண்டில் மாறியது கடல்தான்.