பர்ஸில் பதினாலு மாதம் இருந்த சீட்டு

என் மனைவிக்கு முதல் ஸ்கேன் எடுத்த அன்றே டாக்டரம்மா எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். விந்துப் பரிசோதனை, மூன்று நாள் இடைவெளி விட்டு வரவும் என்று இருந்தது. அதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தேன். பதினாலு மாதம் அங்கேயே கிடந்தது. மடிப்பெல்லாம் நைந்து துண்டு துண்டாகப் பிரியப் போகிற நிலைமையில்தான் லேப் வாசலை மிதித்தேன்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 2017 தை மாதம். எனக்கு 30, அவளுக்கு 26. நான் கோவையில் ஒரு ஃபவுண்டரியில் ஃபர்னஸ் பக்கம் சூப்பர்வைசர். முதல் வருடம் யாரும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடம் "ஏதாச்சும் விசேஷம் உண்டுங்களா?" தொடங்கியது. பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள், ஆனால் அவளிடம் மட்டும். என்னிடம் ஒருத்தர் கேட்டதாக ஞாபகம் இல்லை.

ஒரு வருடம் எந்தத் தடுப்பும் இல்லாமல் சேர்ந்திருந்தும் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும், பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போய்விட வேண்டும் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. நாங்கள் போனது ஒன்றரை வருடம் கழித்து, 2018 செப்டம்பரில். அதற்குள் அம்மா பிள்ளை வரம் வேண்டித் திருக்கருகாவூர் கோயிலுக்குப் போய் நெய் வாங்கி வந்துவிட்டாள். தினம் ராத்திரி ஒரு சொட்டு நெய், 48 நாள். அது புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் சாப்பிட வேண்டியது. நான் நாலாவது நாளே விட்டுவிட்டேன். அதையும் அவள்தான் முடித்தாள்.

மருத்துவமனையிலும் இதே கதைதான். அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு கொஞ்சம் மந்தம், அதைக் காட்டுகிற டி.எஸ்.எச். அளவு 5.8க்கு ஏறியிருந்தது. வெறும் வயிற்றில் போட மாத்திரை கொடுத்தார்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் கொடுத்தார்கள். கரு தங்கின பிறகு தொடங்கினால் போதாது, குழந்தையின் தண்டுவடம் உருவாவது அம்மாவுக்குத் தெரிய வருவதற்கு முன்பே நடந்துவிடும், அதனால் முன்கூட்டியே சாப்பிட வேண்டும் என்றார்கள். அடுத்து எச்.எஸ்.ஜி. கருப்பைக்குள் மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்து, குழாய் ரெண்டும் திறந்திருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பிடித்தபடி வந்து, "போலாங்க" என்று மட்டும் சொன்னாள். வண்டியில் பின்னால் உட்காரும்போது என் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். வீடு போய்ச் சேரும் வரை விடவில்லை. குழாய் ரெண்டும் நன்றாகத் திறந்திருந்தன.

அதற்கப்புறம் இன்னொரு மருத்துவமனை. அங்கே முட்டை வளர மாத்திரை, மாதவிலக்கான ரெண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள். ஒன்பதாம் நாள் தொடங்கி ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன். இப்படியே ஆறு மாதம். ஒவ்வொரு தடவையும் நர்ஸ் ஃபைலைப் புரட்டி "ஹஸ்பெண்ட் ரிப்போர்ட்?" என்பார். "அடுத்த தடவை கொண்டு வரோம்" என்பேன். சரி என்று ஃபைலை மூடிவிடுவார்கள். ஒரு தடவையாவது "அது இல்லாமல் மாத்திரை இல்லை" என்று சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அவர்கள் மேல் இன்னும் கோபம் உண்டு. ஆனால் சீட்டு இருந்தது என் பர்ஸில்தானே.

ஏன் போகவில்லை என்று கேட்டால், பயம்தான். வேறொன்றும் இல்லை. தாம்பத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அதனால் விந்தணுவிலும் குறை இருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். இது ரெண்டும் வேறு வேறு சமாச்சாரம் என்று புரியவே எனக்கு அவ்வளவு நாள் ஆனது.

என்னை அசைத்தது ஒரு கட்டுச்சோறு விருந்து, எங்கள் பக்கத்து வளைகாப்பு. 2019 ஐப்பசியில், பெரியப்பா பேத்திக்கு. பெண்கள் வரிசையாக நின்று வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி தட்டில் கையை வைக்கப் போனபோது ஒரு பெரியம்மா, "நீ அந்தப் பாயசத்தப் பாத்துட்டு வா கண்ணு" என்று மெதுவாகத் தட்டை அடுத்த ஆள் பக்கம் நகர்த்தினார். அதட்டவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் சிரித்தபடியே பாயசத்தைப் பார்க்கப் போய்விட்டாள். நான் தூண் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். இடுப்பில் பர்ஸ் உறுத்தியது.

அடுத்த வியாழக்கிழமை லேபுக்குப் போனேன்.

முதல் தடவை போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரெண்டு நாளுக்குக் குறையாமல் ஏழு நாளுக்கு மிகாமல் இடைவெளி வேண்டும். காண்டம், எண்ணெய், சோப்பு எதுவும் கூடாது. வீட்டிலேயே எடுத்தும் கொண்டுபோகலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் லேப் கைக்குப் போய்ச் சேர வேண்டும், சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். முழுசும் டப்பாவில் விழ வேண்டும். முதலில் வருவது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், அதில்தான் அணுக்கள் அதிகம். எனக்குக் கொடுத்தது ஸ்டோர் ரூமை ஒட்டிய சின்ன அறை. ஒரு ஸ்டூல், ஒரு நீல பக்கெட். சுவரில் முருகர் காலண்டர் தொங்கியது. எனக்கு முன்னால் வந்த யாரோ ஒரு புண்ணியவான் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டுப் போயிருந்தார். அவ்வளவு பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

ரிப்போர்ட் சாயங்காலம் வந்தது. ஒரு மில்லிக்கு ஒன்றரைக் கோடி அணுக்களாவது இருக்க வேண்டும் என்பது அப்போது உலக சுகாதார நிறுவனம் வைத்திருந்த கீழ் வரம்பு. 2021இல் அதை ஒரு கோடியே அறுபது லட்சம் ஆக்கிவிட்டார்கள். எனக்கு இருந்தது அறுபது லட்சம். முன்னோக்கி நீந்துகிறவை அப்போதைய கணக்குப்படி 32 சதவீதமாவது வேண்டும் (2021இல் அதை 30 ஆக்கினார்கள்), எனக்கு 12. சரியான உருவத்தில் இருப்பவை 4 சதவீதம் இருந்தாலே போதும், எனக்கு 2.

ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு அவளிடம் காகிதத்தை நீட்டினேன். படித்தாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் பழைய சீட்டு எங்கீங்க?" என்றாள். பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மேலே இருந்த தேதியை மட்டும் பார்த்தாள். திரும்ப மடித்து என் கையிலேயே வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ரெண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வரக் கூடாது, காய்ச்சல் வந்து போயிருந்தால்கூட எண்ணிக்கை விழும் என்று சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார்கள். அதிலும் கிட்டத்தட்ட அதேதான். சிறுநீரக அறுவை டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என்னை நிற்க வைத்து, "மூச்சை இழுத்து முக்குங்க தம்பி" என்று சொல்லி இடது பக்க விதைக்கு மேலே தொட்டுப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "வெரிகோசீல். காலில் நரம்பு சுருட்டிக்குமே, அதே மாதிரி இங்கே" என்றார். பத்து வருடமாகச் சாயங்காலம் ஆனால் அங்கே ஒரு பாரம், லேசான இழுப்பு எனக்கு உண்டு. நின்றே வேலை பார்ப்பதால் என்று நினைத்திருந்தேன்.

ஏன் இடது பக்கம் என்று கேட்டேன். அந்தப் பக்க ரத்தக்குழாய் மேலே சிறுநீரகத்தின் ரத்தக்குழாயில் நேர்கோணத்தில் போய்ச் சேர்கிறது, அதனால் ரத்தம் கீழே தேங்க வாய்ப்பு அதிகம் என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். தேங்கினால் சூடு. விதைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே உடம்பை விட ரெண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருப்பதற்குத்தான். "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். 1,400 டிகிரிக்கு மேல் இரும்பு உருகுகிற இடத்தில் எட்டு மணி நேரம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நூறு ஆண்களில் ஏறக்குறைய 15 பேருக்கு இந்த நரம்புச் சுருட்டல் இருக்கும், அவர்களில் பலருக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் குழந்தை பிறந்துவிடும், அதனால் எல்லாருக்கும் அறுவை தேவையில்லை என்றும் சொன்னார். எனக்குப் பெரிதாக இருந்தது, எண்ணிக்கையும் குறைவு, மனைவிக்கும் இன்னும் வயது இருக்கிறது, அதனால் செய்யலாம் என்றார். கட்டாயம் பலிக்கும் என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன்னால் பார்த்த இடத்தில் "நூறு சதவீதம்" என்று சொல்லித்தான் பணம் கட்டச் சொன்னார்கள்.

2020 ஜனவரியில் மைக்ரோஸ்கோப் வைத்து அறுவை. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரெண்டு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. அப்புறம் சொன்னவை: சிகரெட் நிறுத்து, இறுக்கமான ஜட்டி வேண்டாம், ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி என்றால் கிட்டவே போகாதே. அந்த ஊசி ஆண்மையைக் கூட்டும் என்று நம்பிப் போடுகிறார்கள், உண்மையில் உடம்பு தானாக அணு உண்டாக்குவதையே அது நிறுத்திவிடும். என் கூட்டாளி ஒருத்தன் அப்படித்தான் மாட்டினான், அது தனிக் கதை.

மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். ஓர் அணு உருவாகவே எழுபது நாளுக்கு மேல் ஆகிறது, அதற்கு முன்னால் எடுத்துப் பார்த்தால் பழைய சரக்குதான் தெரியும். நான் ஏப்ரலில் போக வேண்டும். மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு வந்துவிட்டது. ஃபவுண்டரி மூடினார்கள், வாழ்க்கையில் முதல் தடவையாக வாரக்கணக்கில் ஃபர்னஸ் முகத்தில் முழிக்காமல் இருந்தேன். சிகரெட்டும் கடை மூடிய புண்ணியத்தில் போனது. திறந்த பிறகு முதலாளியிடம் சொல்லி இன்ஸ்பெக்ஷன் பக்கம் மாறிக்கொண்டேன். ஜூலையில் எடுத்த ரிப்போர்ட்டில் ஒரு கோடியே எழுபது லட்சம். நீந்துகிறவை 29. அறுவையாலா, சூடு குறைந்ததாலா, சிகரெட்டை விட்டதாலா என்று டாக்டரே பிரித்துச் சொல்லவில்லை.

மனைவியைப் பார்த்த புதிய டாக்டரம்மா எங்கள் கணக்கையும் திருத்தினார். நாங்கள் போன் ஆப் சொன்ன 14ஆம் நாளைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவளுக்கோ சுற்று 32 நாள். முட்டை வெளியாவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால், அதாவது அவளுக்கு 18ஆம் நாள் வாக்கில். அணு உள்ளே ஐந்து நாள் வரை தாங்கும், முட்டை ஒரு நாள்கூட முழுசாகத் தாங்காது. அதனால் முட்டை வருவதற்கு முந்தின நாட்கள்தான் முக்கியம். "சேர்த்து வச்சா நல்லது"ன்னு பத்து நாள் விலகி இருப்பதும் தப்பு, அணு பழசாகி வேகம் குறையும், அந்த வாரத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும் என்றார். அரை மணி நேரம் காலைச் சுவரில் தூக்கி வைக்கச் சொன்ன எங்கள் அத்தையின் வைத்தியத்தைச் சொன்னோம். சிரித்துவிட்டு, "முதுகு வலிக்காம இருந்தாச் சரி" என்றார்.

ரெண்டு மாதம் அப்படிப் பார்த்தோம். நிற்கவில்லை. செப்டம்பரில் ஐ.யூ.ஐ. முட்டை இருக்கிற நீர்ப்பை 19 மில்லிமீட்டர் வளர்ந்ததும், முட்டை வெளியாக ராத்திரி எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊசி, 36 மணி நேரம் கழித்து, சுத்தம் செய்த அணுக்களை மெல்லிய குழாய் வழியாக உள்ளே விடுவார்கள். ஐந்து நிமிட வேலை.

இந்த இடத்தில் நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். பொறுக்க மாட்டாமல் ஒன்பதாம் நாளே கர்ப்பம் பார்க்கிற கார்டு வாங்கிப் பார்த்தோம். ரெண்டு கோடு! அம்மாவிடம் சொல்லி, அம்மா சாமிக்கு விளக்கேற்றி, எல்லாம் ஆனது. பதிமூன்றாம் நாள் காலையில் பாத்ரூமிலிருந்து அவள் சத்தமே வரவில்லை. நாங்கள் பார்த்த ரெண்டாவது கோடு அந்த ஊசி மருந்து. கார்டு தேடுவதும் அதே எச்.சி.ஜி.யைத்தான், ஊசியில் போட்டது உடம்பை விட்டுப் போகப் பத்து, பதினாலு நாள்கூட ஆகும். எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரு மாதம் விட்டு நவம்பர் கடைசியில் மறுபடி. இந்தத் தடவை வீட்டில் கார்டே இல்லை. பதினாறாம் நாள் நேரே ரத்தப் பரிசோதனை, அதே எச்.சி.ஜி. 212. ரெண்டு நாள் கழித்து 470. அது இரட்டிப்பாகிறதா என்றுதான் பார்ப்பார்களாம். ஏழாவது வார ஸ்கேனில் திரையில் ஒரு அரிசி அளவுக்குள் ஏதோ துடித்தது. இந்தத் தடவை நான் உள்ளே நின்றேன்.

மகள் பிறந்தது 2021 ஆகஸ்டில். அம்மா திருக்கருகாவூருக்குத் தொட்டில் கட்டப் போனாள். நெய்யால்தான் என்பது அவள் கட்சி, நான் வாதாடுவதில்லை.

போன மாதம் டீ நேரத்தில் மோல்டிங் பையன் ஒருத்தன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கல்யாணமாகி ரெண்டு வருடம். சம்சாரத்துக்கு மாத்திரை நடக்கிறதாம். பர்ஸைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தான். மடிப்பு இன்னும் புதிதாக இருந்தது. "ஏனுங்ணா, இதுல எதுக்கு மூணு நாளுன்னு போட்டிருக்காங்க?" என்றான். மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.