மருத்துவிச்சி அம்மாவுக்கு ஒரு கல்வெட்டு

வன்னியில் ஒரு தாய் கண்மூடும்போது பிள்ளைகளில் பாதிப்பேர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பது இப்போது வழமையாகிவிட்டது. பிரிட்டன் அகதிக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தோடு இலங்கைக்குப் போக முடியாது. விசா உள்ளவருக்கும் வேலையிடத்தில் கிடைக்கும் லீவு சில நாள்தான். செத்தவீட்டை வாட்ஸ்அப்பில் பார்த்து அழுத பிள்ளையின் கையில் மிஞ்சுவது 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டை, அதாவது நினைவு மலரை, ஆயத்தம் செய்யும் வேலை.

முதல் பிழை திகதியில் வரும். கிளிநொச்சியில் அதிகாலை 2 மணிக்கு உயிர் பிரிந்தால் லண்டனில் அது முதல்நாள் இரவு. கோடையென்றால் 9.30, குளிர்காலமென்றால் 8.30. பிள்ளை தன் போன் காட்டும் திகதியை எழுதிவிட்டால் திதியும் மாறும், 31 எண்ணுவதும் பிசகும். இறந்த திதியைப் பாட்டாக்கும் திதி வெண்பாவை எழுதுகிறவருக்கு ஊர் நேரத்தையும் ஊர்த் திகதியையும்தான் கொடுக்க வேண்டும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில நாள்களில் ஒத்துவராது. வீட்டுக்கு வரும் ஐயர் எதைப் பார்க்கிறாரோ அதையே கேட்டு எழுதுங்கள். அடுத்த வருடம் லண்டனில் திவசம் கொடுக்கும்போது அதே திதியை அங்குள்ள நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தில் பார்க்க வேண்டும். கலண்டர் திகதியைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

பஞ்சபுராணம், சிவபுராணம், வம்சாவளி எல்லாம் அச்சகத்தில் ஆயத்தமாக இருக்கும். வம்சாவளியில் பெயர் விடுபட்டால் மாமன்மார் கோபிப்பார்கள் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. குறை வாழ்க்கை வரலாற்றில்தான். ஊர் ஊராகச் சைக்கிளில் திரிந்து பிள்ளைப்பேறு பார்த்த ஒருவரின் உத்தியோகம் ‘சுகாதாரத் திணைக்களத்தில் கடமையாற்றி ஓய்வுபெற்றவர்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். மிச்சம் மூன்று பக்கமும் பாச விளக்கு, அன்புத் தெய்வம். வன்னியில் இது பெரிய நட்டம். இடப்பெயர்வுகளில் வீட்டுப் பத்திரங்களும் பணிமனைப் பதிவேடுகளும் எத்தனையோ போய்விட்டன. அவர் என்ன செய்தார் என்பது கூட வேலை செய்தவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிறது.

‘அம்மா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுசி’ என்பார்கள், அதோடு கதை முடிந்துவிடும். சாமான்களைப் பற்றிக் கேளுங்கள். தொங்குதராசை எங்கே கட்டினார்? கூரை வளையில்லாத தறப்பாள் கொட்டிலில் மரக்கிளைதான் துணை. பிள்ளையை இருத்தும் துணிக் காற்சட்டையைத் தராசில் கொழுவிய பிறகே முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் அந்தத் துணியின் நிறையும் பிள்ளையின் கணக்கில் ஏறும். 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. வயிற்றில் வைத்துச் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்கும் குழல் மரத்தாலானதா, அலுமினியமா? பிறகு தடுப்பூசிப் பெட்டி. மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூட்டை நினைத்து எல்லாரும் பயப்படுவார்கள். ஆனால் முக்கூட்டு (டிபிடி) ஊசிமருந்தை ஐஸ் கட்டியோடு முட்ட வைத்தால் உறைந்து கெட்டுவிடும், போலியோச் சொட்டுமருந்துக்கு உறைவால் கேடில்லை. மின்சாரமும் மண்ணெண்ணெயும் தட்டுப்பட்ட காலத்தில் ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலே ஒரு பக்கம் வரும்.

மலேரியாவையும் விடாதீர்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. அதற்கு முந்திய வன்னியில் காய்ச்சலோடு வரும் கர்ப்பிணிக்கு இரத்தப் பரிசோதனையும் குளோரோகுயினும் அன்றாட வேலை. பிரைமாகுயின் என்ற மற்ற மலேரியா மருந்தைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. மலேரியா மருந்துக்கு வரும் பெண்ணிடம் மாதவிலக்கு எப்போது நின்றது என்று விசாரிப்பது அதனால்தான். லண்டனில் பிறந்த பேரப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரிய வேறு வழியில்லை.

‘எந்த வருடம்?’ என்றால் பெரும்பாலும் பதில் வராது. வன்னியார் காலத்தை இடப்பெயர்வால் அளப்பவர்கள். 1995 ஒக்ரோபர் 30 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்கு முன்னா பின்னா, 1997 மே மாதம் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபோது எங்கே இருந்தார், 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது எந்தக் கிளினிக், 2004 சுனாமியன்று முல்லைத்தீவிலா என்று கேளுங்கள். மாதத்துக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் உதவும். அது வைகாசியில் வரும். 2009 இறுதிப் போரைப் பற்றிச் சொல்கிறவரின் பெயரை அவரிடம் கேட்காமல் அச்சிடாதீர்கள். அவர் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்.

பதவிப் பெயரையும் சரியாகப் போடுங்கள். ஊர் மருத்துவிச்சி என்கும், மிட்வைஃப் என்கும், கந்தோரில் குடும்பநல உத்தியோகத்தர் என்பார்கள். மூன்றையும் எழுதலாம். தாதி என்று போட்டால் கூட வேலை செய்தவர்கள் முகஞ்சுளிப்பார்கள், அது வேறு உத்தியோகம்.

இனி அச்சு. ஊர் அச்சகங்கள் பல இன்னும் யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் வேலை செய்கின்றன. நீங்கள் யுனிகோட்டில் தட்டி அனுப்பியதை அவர்கள் மாற்றும்போது இடையிலுள்ள ஆங்கில எழுத்துகள் தமிழ்க் குழப்பமாக மாறும், சில குறியீடுகளும் பிசகும். மாற்றிய பிரதியை பிடிஎஃப்பாக வாங்கித் தாளில் எடுத்து வாசியுங்கள். போன் திரையில் ஒற்றுப்பிழை கண்ணுக்குப் படாது. படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி மங்கிவிடும், ஆவணமாக அனுப்ப வேண்டும். பழைய படத்தைப் போனில் பிடிக்காமல் 300 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கான் செய்யுங்கள். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகமென்றால் பக்கம் நான்கின் மடங்காக வர வேண்டும். 18 பக்கம் எழுதிவிட்டு வந்தால் இரண்டு வெற்றுப் பக்கம் நிற்கும், அவசரத்தில் அதில் ஏதாவது சாமி படம் ஏறும். 20ஆம் நாளுக்குள் அச்சகத்துக்குப் போய்விட்டால் மெய்ப்புப் பார்க்க நேரமிருக்கும்.

அந்தியேட்டி அன்று சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தது போக, அவர் கிளினிக் வைத்த கோயில் மண்டபத்துக்கும் வாசிகசாலைக்கும் சில பிரதிகளை ஒதுக்குங்கள். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் சேர்க்கிறது. அங்கே கொடுக்கும் பிரதியில் பிள்ளைகளின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் உள்ள பக்கத்தை முதலில் எடுத்துவிடுங்கள்.