கடைசி வாங்கிலிருந்து உயர்ந்த கை

எமது கல்லூரியின் உயர்தர மாணவர் மன்றத்துக்கு நான் செயலாளராக இருந்த 1993ஆம் ஆண்டில், யாழ்ப்பாணம் மின்சாரமின்றி மூன்று ஆண்டுகளைக் கடந்திருந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதாகிவிட, ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டுத் திரி கொளுத்திய விளக்கில்தான் படித்தோம். ஒலிவாங்கியைக் காணாத அந்த நாட்களில்தான் நான் மேடையில் பேசக் கற்றுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரு பாடவேளைகள் மன்றக் கூட்டத்துக்குரியவை. சென்ற கூட்டத்தின் அறிக்கையை நான் வாசிக்க, ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, பேச்சுகள் தொடங்கும். எங்கள் தமிழ் ஆசிரியர் மண்டபத்தின் கடைசி வாங்கில் போய் அமர்ந்து, வலக்கையை உயர்த்தி வைத்திருப்பார். பேசுபவரின் சொல் அவருக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அந்தக் கை உயர்ந்தே இருக்கும், கேட்காவிட்டால் இறங்கிவிடும். கை இறங்கியதும் நாங்கள் கத்துவோம். கை மேலே வராது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், மூச்சு முடிந்து இறுதிச் சொல்லை விழுங்கிவிட்டால், ‘செய்தோம்’ என்றோமா ‘செய்யோம்’ என்றோமா என்பது கேட்பவருக்கு விளங்காது. குரலை உயர்த்துவதை விட்டு, வாக்கியத்தைச் சுருக்கி, கடைசிச் சொல்லுக்கு மூச்சைச் சேமித்து வைக்கப் பழகிய பிறகே அந்தக் கை இறங்காமல் நின்றது. 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் பெருமான் தம் பிரசங்கங்களைத் தொடங்கியபோது அவருக்கு ஒலிபெருக்கி இருந்ததா என்று ஆசிரியர் கேட்பார்.

திட்டமிடலையும் அவரே கற்பித்தார். மன்றத்தின் வருடாந்த மதிய போசன விருந்துக்கு நான் எழுதிச் சென்ற ஒரு பக்கத் திட்டத்தை மடித்து என் கையிலேயே தந்துவிட்டு, ‘பொருள்கருவி காலம் வினையிடனொடு ஐந்தும்’ என்ற குறளைச் சொல்லச் சொன்னார். பின்னர் கொப்பித்தாளில் பொருள், கருவி, காலம், வினை, இடம் என ஐந்து நிரல்கள் கீறுவித்து, ஒவ்வொன்றையும் நிரப்பச் செய்தார். ‘கருவி’ என்ற நிரலில் அயற்பாடசாலையில் இரவல் வாங்கும் நாற்பது வாங்குகளைக் குறித்திருந்தேன். “தம்பி, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது ஆர்? எந்த வண்டிலிலை?” என்று கேட்டார். நான் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை.

கனடாவில் பொறியியலாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவை எல்லாவற்றையும் மறந்திருந்தேன். பாலத் திருத்த வேலை ஒன்றை மேலாளர்களுக்கு விளக்கும்போது, திரையில் எழுதியிருந்ததையே வரிக்குவரி வாசித்தேன். வீதி எத்தனை நாள் மூடப்படும் என்று ஒருவர் கேட்டார். அதற்குரிய விடை நானே தயாரித்த ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது, வாயில் வரவில்லை. அந்த வேலை வேறொருவரிடம் கொடுக்கப்பட்டது. ஆங்கிலம் போதாமையே காரணம் என்று பல மாதங்கள் எண்ணி வருந்தினேன். அது தவறு, கேட்பவருக்கு எது முதலில் தேவை என்று நான் திட்டமிடவில்லை என்பதே உண்மை.

அதன் பின்னரே, மேடைப்பேச்சுப் பயிற்சிக்கான ரோஸ்ற்மாஸ்ரர்ஸ் கழகம் ஒன்றில் சேர்ந்தேன். 1924இல் கலிபோர்னியாவின் சாந்தா அனா நகரில் ரால்ப் சிமெட்லி தொடக்கிய அமைப்பு அது. ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சுக்கு ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு விளக்கு எரியும். ‘ஆ’, ‘ம்’ என்ற இழுவைகளை எண்ணுவதற்கென்றே ஒருவர் இருப்பார். முன்கூட்டித் தெரியாத தலைப்பில் ஓரிரு நிமிடம் பேசும் பகுதியே எனக்கு அதிகம் பயன்பட்டது. அலுவலகக் கூட்டங்களில் கேள்விகள் அப்படித்தான் வருகின்றன. பச்சை விளக்கு முதன்முதலாக எரிந்த மாலையில் கடைசி வாங்கு என் கண்முன் வந்தது. அன்றிலிருந்து எந்த விளக்கவுரைக்கும் முதலில் ஐந்து நிரல்களை நிரப்புகிறேன். அவையினர் கேட்கக்கூடிய கடினமான கேள்விக்குரிய விடையை முதல் வாக்கியமாக வைக்கிறேன்.

இவ்வாண்டு கனடாவிலுள்ள எமது சங்கத்தின் இரவு விருந்தை இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பொறுப்பேற்றனர். அவர்களுக்கும் அந்த ஐந்து நிரல்களைக் கீறிக் காட்டினேன். ஒரு கிழமை கழித்து அவர்கள் கொண்டுவந்த தாளில், ‘காலம்’ என்ற நிரலின் கடைசி வரியில், மண்டபத்தைக் கூட்டித் துடைத்துத் திறப்பைக் கையளிக்கும் நேரமும், அதைக் கையளிக்கப் போகும் பிள்ளையின் பெயரும் எழுதப்பட்டிருந்தன.