கைலியும் பசோவும்: பர்மாவில் உடுப்புக்குச் சொல்லும் பேர்கள்

ரங்கூன் துணிக்கடையில் "லோன்ஜி" என்று மட்டும் கேட்டால் ஆணுக்கா பெண்ணுக்கா என்று திருப்பிக் கேட்பார்கள். லோன்ஜி பொதுப்பெயர். ஆண் கட்டுவது பசோ, பெண் கட்டுவது தமெய்ன். நாம் கைலி என்று நினைத்துக் கேட்பது பசோவைத்தான். கட்டமும் மெல்லிய கோடும் பசோவுக்கு. பூவேலையும் அச்செய்க் என்னும் அலை அலையான நெசவும் பெரும்பாலும் தமெய்னுக்கு. அமரபுரத்தில் நெய்யும் உயர்ந்த ரகத்துக்கு லூன்தயா அச்செய்க் என்று பேர். லூன்தயா என்றால் நூறு நாடா, அதாவது தறியில் குறுக்குநூலைக் கொண்டுபோகும் நெசவு நாடா. விலை ஏன் அப்படி என்பதற்கு அந்தப் பேரே போதும்.

துணி ஏறக்குறைய 2 கெஜம், மூட்டித்தான் கட்ட வேண்டும். பருத்தியானால் தைக்குமுன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். தைத்தபிறகு சுருங்கினால் கரண்டைக்கு மேலே ஏறிவிடும். புதுக் கஞ்சியோடு கட்டினால் முடிச்சு நிற்காது, வழுக்கும்.

கட்டும் விதமும் வேறு. கைலியை ஒருபக்கம் மடித்துச் சுருட்டிச் செருகுவோம். பசோவை இருபக்கமும் சமமாக இழுத்து, முன்னால் கொண்டுவந்து, ஒரு முறுக்கு முறுக்கி, நுனியை உள்ளே செருகி முடிச்சிடுவார்கள். தமெய்னுக்கு முடிச்சே கிடையாது. மடிப்பை இடுப்பின் ஒருபக்கத்தில் செருகுவதுதான். அதன் மேல் விளிம்பில் தைத்திருக்கும் கறுப்புப் பருத்திப் பட்டைக்கு அடெத்சின் என்று பேர். பட்டு வழுக்காமல் பிடிப்பது அதுதான், பிரித்து எறியாதீர்கள். பந்து விளையாடும்போது பசோவைக் கால்களுக்கிடையே வாங்கிப் பின்னால் செருகுவது கடவுன்சைக். நம் தார்ப்பாய்ச்சிதான், சந்தேகமே வேண்டாம்.

அதிகம் தடுமாறுவது வினைச்சொல்லில். நாம் வேட்டி கட்டுவோம், சட்டை போடுவோம், பூ வைப்போம். பர்மியத்தில் பசோவுக்கும் சட்டைக்கும் (எய்ன்ஜி) ஒரே சொல், வுத். செருப்புக்கு அது செல்லாது, சீ என்க வேண்டும். வண்டி ஏறிப் போவதற்கும் அதே சீ. தொப்பிக்கு சவுன், மூக்குக்கண்ணாடிக்கு தத். எல்லாவற்றுக்கும் வுத் போட்டால் புரியும், ஆனால் சிரிப்பார்கள்.

துவைத்துக் காயப்போடுவதிலும் ஒன்று உண்டு. தமெய்ன் தொங்கும் கொடிக்கு அடியில் ஆண் போனால் அவனுடைய 'போன்', அதாவது ஆணுக்கு உண்டென்று சொல்லும் மகிமை, குறையும் என்பது நம்பிக்கை. 2021 மார்ச்சில், ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை எதிர்த்த போராட்டத்தில், பெண்கள் தெருக்களின் குறுக்கே தமெய்ன்களைக் கட்டித் தொங்கவிட்டுப் படையினரைத் தயங்கவைத்தது இதை வைத்துத்தான். பர்மியர் பக்கத்துவீட்டில் இருந்தால், தமெய்ன் காயும் கொடியை நடைபாதைக்கு மேலே கட்டாமல் கொல்லைப்பக்கம் தாழக் கட்டிவிடுங்கள்.