மோட்டார்ஹோம் கூரையிலிருந்து இறங்கும் டிவி: பொருத்திப் பார்த்த அனுபவம்

எங்கள் மோட்டார்ஹோம், அதாவது வீடு போல் தங்கிப் பயணிக்கும் வண்டி, ஃபியட் டுகாட்டோ வேன் அடிச்சட்டத்தின் மேல் கட்டியது. இங்கிலாந்தில் இந்த வகை வண்டிகளை எங்கும் பார்க்கலாம். முன்னால் பெல்ட் வைத்த இருக்கைகளும் மேஜையும், நடுவில் சமையல் மேடை, பின்னால் மடக்க வேண்டாத கட்டில். டிவிக்கென்று தயாரிப்பாளர் விட்டிருந்த இடம் கதவோரச் சுவர். அங்கே மாட்டினால் ஒரு இருக்கையிலிருந்து மட்டும்தான் நேராகத் தெரியும், கட்டிலில் படுத்தால் ஒன்றும் தெரியாது. குளிர்காலத்தில் வேல்ஸ் மலைப்பக்கம் போனால் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், மழையும் விடாது. அந்த நேரத்தில் கட்டில்தான் எங்கள் வரவேற்பறை. அதனால் கட்டிலின் கால்மாட்டுக்கு மேலே, கூரையிலிருந்து மடங்கி இறங்கும் பிராக்கெட்டில் 22 அங்குல டிவி என்று முடிவு செய்தோம்.

மோட்டார் வைத்துத் தானாக இறங்கும் பிராக்கெட்டுகளும் கிடைக்கின்றன. நான் கையால் இறக்கும் வகையையே எடுத்தேன். இந்த நாட்டில் 1997-க்குப் பிறகு சாதாரண கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 3,500 கிலோ வரைதான் அனுமதி. எங்கள் வண்டியின் உச்ச எடையும் அதுவேதான். தண்ணீர், கேஸ், சைக்கிள், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு மிஞ்சும் எடையை ஒரு மோட்டாருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. டிவி மூன்றரை கிலோ, பிராக்கெட் இரண்டரை, ஆக மொத்தம் ஆறு கிலோ.

வீட்டுச் சுவரில் ஆறு கிலோ ஒரு பொருட்டே இல்லை. ஓடும் வண்டியில் அப்படி இல்லை. சாலைக் குழியில் சக்கரம் இறங்கி ஏறும் நொடியில் அந்த ஆறு கிலோ பல மடங்காகக் கூரையை இழுக்கும், பயணம் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். ஒயர் வேலை, ஆன்டெனா வேலையெல்லாம் பிறகுதான். இந்த வேலையில் யோசிக்க வேண்டியது முதலில் கூரையைத்தான்.

எங்கள் வண்டியின் கூரை மூன்று அடுக்கு. வெளியே ஃபைபர் கிளாஸ் தோல், நடுவில் தெர்மோகோல் போன்ற நுரைப்பலகை, உள்ளே 3 மில்லிமீட்டர் பிளைவுட். மொத்தக் கனம் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர்தான். மரச்சட்டங்கள் சில இடங்களில் மட்டும் குறுக்கே ஓடும். அந்த மெல்லிய பிளைவுட்டில் நேராக ஸ்க்ரூ போட்டால் சில மாதக் குலுக்கலில் ஓட்டை பெரிதாகி எல்லாம் கையோடு வந்துவிடும். நீளமான ஸ்க்ரூ போட்டால் வெளித்தோலைத் துளைத்து மழைநீரை உள்ளே கூப்பிட்ட மாதிரி ஆகும். மோட்டார்ஹோமுக்குத் தண்ணீர்க் கசிவைவிடப் பெரிய நோய் கிடையாது.

சட்டங்கள் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, மேலே திறக்கும் ஜன்னலிலிருந்து தொடங்குவது. 400 மில்லிமீட்டர் சதுரத்தில் கூரையை வெட்டும் இடத்தில் சுற்றிலும் மரம் வைத்திருப்பார்கள். உள்பக்க ஃபிரேமைக் கழற்றியதும் கூரையின் குறுக்குவெட்டே கண்ணுக்குத் தெரிந்தது, கனத்தையும் அங்கேயே அளந்துகொண்டேன். அங்கிருந்து விரலால் தட்டிக்கொண்டே போனேன். நுரை இருக்கும் இடத்தில் பொத்தென்று கேட்கும், மரம் வந்ததும் ஒலி இறுகிவிடும். சக்திவாய்ந்த சிறு காந்தத்தை நகர்த்திப் பார்த்தபோது, பிளைவுட்டை மரத்தில் இறுக்க அடித்த ஸ்டேப்ளர் பின்களின் வரிசையும் பிடிபட்டது. இரண்டும் ஒத்துப்போன கோட்டில் பென்சிலால் குறித்தேன். கட்டிலின் கால்மாட்டில் ஒரு சட்டம் கிடைத்தது. ஒன்றுதான்.

அந்த ஒன்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் நிறைய நேரம் போனது. டிவி இறங்கித் தொங்கும்போது எடை பிராக்கெட் முழுக்கச் சமமாகப் பரவாது, கீல் இருக்கும் ஓரத்தில்தான் இழுக்கும். அதனால் கீல் பக்கம் சட்டத்தின் நேர் கீழே வரும்படி வைத்தேன். மீதி எடையைப் பரப்ப 9 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டில் 400-க்கு 300 அளவில் ஒரு பலகை வெட்டினேன். அதன் முதுகுப்பக்கத்தில் எம்6 டி-நட்டுகளை (மரத்தில் பதிந்து போல்ட்டைப் பிடிக்கும் நட்டுகள்) அடித்து, பசை போட்டு உட்கார வைத்தேன். இப்படிச் செய்தால் பலகை கூரையோடு நிரந்தரமாக இருக்கும், பிராக்கெட்டை மட்டும் எப்போது வேண்டுமானாலும் போல்ட் கழற்றி எடுக்கலாம்.

ஒட்டுவதற்கு சிக்காஃப்ளெக்ஸ் 252. வண்டிப் பாகங்களை ஒட்டவே செய்த பாலியூரித்தேன் பசை அது, இறுகிய பிறகும் ரப்பர் போல் கொஞ்சம் நெகிழும், அதனால் குலுக்கலைத் தாங்கும். கவனிக்க வேண்டியது உட்கூரையின் மேற்பூச்சு. பிளைவுட் மேல் ஒட்டியிருப்பது வழவழப்பான வினைல் தாள். அதன் மேல் எவ்வளவு நல்ல பசையைப் போட்டாலும், அந்தத் தாள் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் பலம். பலகை உட்காரும் இடத்தில் மட்டும், ஓரத்தில் 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, கத்தியால் கீறித் தாளை உரித்தேன். வெறும் மரம் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் பசை. கீல் பக்கம் சட்டத்துக்குள் நான்கு ஸ்டெய்ன்லெஸ் ஸ்க்ரூ. டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்தினேன், வெளித்தோலுக்கு முன்னால் குறைந்தது 10 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்படி.

இந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். ஓரத்திலிருந்து உள்ளே மெதுவாகத்தான் போகும், ஒரு நாளில் சில மில்லிமீட்டர் அளவே. பசையை முழுக்கப் பூசாமல், இடைவெளி விட்டு வரிவரியாகப் போட்டால் காற்று உள்ளே போகும். கட்டிலிலிருந்து ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து ஒரு வாரம் அப்படியே விட்டேன். இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது.

மின்சாரம் அவ்வளவு சிரமம் இல்லை. 12 வோல்ட் டிவி என்று பெட்டியில் போட்டிருந்தாலும், வண்டி ஓடும்போதும் சார்ஜர் போட்டிருக்கும்போதும் பேட்டரி 14.4 வோல்ட் வரை ஏறும். வண்டிக்கென்றே செய்த டிவிகள் அதைத் தாங்கும். நான் வாங்கியது வீட்டுக்கான டிவி, அடாப்டர் 12 வோல்ட் தரும் வகை. அதனால் நடுவில் 12 வோல்ட்டை நிலையாக வைக்கும் கன்வர்ட்டர் ஒன்று போட்டேன். டிவி இழுப்பது இரண்டரை ஆம்ப்தான். ஆனாலும் பேட்டரியிலிருந்து கட்டில் வரை 6 மீட்டர், போக வர 12 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், 2.5 போட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் நிற்கும். விலை வித்தியாசம் சொற்பம், 2.5 போட்டேன். பேட்டரிக்குப் பக்கத்தில் 5 ஆம்ப் ஃப்யூஸ்.

இன்ஜின் ஓடினால் டிவிக்கு மின்சாரம் நிற்கும்படி ஒரு ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சேர்த்தேன். ஓட்டுநர் நேராகவோ கண்ணாடியில் பிரதிபலித்தோ டிவியைப் பார்க்கும்படி இருக்கக் கூடாது என்று இங்கே 1986 விதிமுறையிலேயே இருக்கிறது. பின்னால் இருக்கும் திரை நடுக் கண்ணாடியில் தெரிய வாய்ப்புண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இரவில் கண்ணாடிக்குள் ஒரு படம் ஆடிக்கொண்டிருந்தால் யாருக்கும் ஆபத்துதான்.

கன்வர்ட்டரை முதலில் பலகைக்குப் பக்கத்தில் வைத்தபோது சில சேனல்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. கன்வர்ட்டரை அணைத்துவிட்டு வேறு மின்சாரத்தில் ஓட்டினால் தெளிவு. இந்த மலிவான கன்வர்ட்டர்கள் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும், அது ஆன்டெனா ஒயரில் ஏறிவிடும். அதை அலமாரிக்குள் தள்ளி வைத்து, இரண்டு பக்க ஒயரிலும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினேன், சரியாகிவிட்டது. அதற்குப் பிறகும் மலைப்பக்கத்தில் படம் வராவிட்டால் கிடைமட்டமாக இருக்கும் ஆன்டெனாவைச் செங்குத்தாக நிமிர்த்திப் பார்க்க வேண்டும். பெரிய ஒளிபரப்புக் கோபுரங்கள் பெரும்பாலும் அலைகளைக் கிடைமட்டமாக அனுப்பும், பள்ளத்தாக்குகளுக்கான சிறு கோபுரங்கள் பெரும்பாலும் செங்குத்தாக.

ஒயர்கள் கீலைத் தாண்டும் இடத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் அதே இடத்தில் மடங்கினால் உள்ளே இருக்கும் செம்பு முறியும், ஆன்டெனா ஒயர் இன்னும் சீக்கிரம் கெடும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளையம் தாராளமாக விட்டு, சுருள் உறைக்குள் போட்டு, இரண்டு முனையையும் கட்டிவிட்டேன். இப்போது வளையம் லேசாக விரிந்து சுருங்குகிறது, ஒரே புள்ளியில் மடிவதில்லை.

டிவி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கடையில் திரையைக் கீழே குனிந்து பாருங்கள். படுத்துக்கொண்டு பார்க்கும் கோணம் அதுதான். டிஎன் வகைத் திரைகளைக் கீழிருந்து பார்த்தால் படம் கருத்துப்போய், நிறமும் தலைகீழாகிவிடும். ஐபிஎஸ் திரையில் அந்தத் தொல்லை இல்லை. மாட்டி முடித்ததும் மனைவி படுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, தலைமாட்டு லைட் அப்படியே திரையில விழுது, கொஞ்சம் சாய்ச்சு வைங்க" என்றாள். 10 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்ததும் பிரதிபலிப்பு போனது, பார்க்கவும் சுகமாக இருக்கிறது.

பிராக்கெட்டின் பூட்டை மட்டும் நம்பாமல், பயணத்தின்போது மடித்த டிவியைச் சுற்றி ஒரு பக்கிள் பட்டை போடுகிறேன். போல்ட்டுகள் குலுக்கலில் தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை விட்டிருக்கிறேன், ஒவ்வொன்றின் தலையிலும் பலகையிலும் சேர்த்துப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. போல்ட் திரும்பினால் கோடு உடைந்து காட்டும். ஸ்காட்லாந்தின் ஒற்றைத்தடச் சாலைகளில் நன்றாகக் குலுங்கிவிட்டு வந்து பார்த்தேன், கோடுகள் நேராகவே இருந்தன, பலகை ஓரத்தில் பசையிலும் விரிசல் இல்லை. முன் இருக்கையிலிருந்தும் பார்க்கும்படி டிவியைத் திருப்பும் சுழல் தட்டு ஒன்று அடுத்து வாங்க வேண்டும். அது கீலின் நெம்பு விசையைக் கூட்டும் என்பதால், எடையைக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வாங்குவேன்.