மொட்டழற்சியா, முன்தோலும் சேர்ந்ததா?

கோயமுத்தூர்ல உட்கார்ந்து அமெரிக்க நோயாளிகளோட சார்ட்டுக்கு (மருத்துவப் பதிவு) நோய்க் குறியீடான கோடு போடுறவங்க அடிக்கடி தடுமாறுற இடம் இதுங்க. அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் ஆண்குறி மொட்டில் மட்டும் அழற்சி என்றால் என்48.1. முன்தோலும் சேர்ந்திருந்தால் என்47.6. இரண்டையும் சேர்த்துப் போடாதீங்க, இந்த இரண்டு கோடும் ஒன்றாக வரக் கூடாது என்கிற எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு தடுக்கும்.

மொட்டழற்சி கேண்டிடா என்கிற பூஞ்சையால் வந்தது என்று டாக்டர் எழுதியிருந்தால் பி37.42, அங்கே என்48.1 வராது. ஆனால் வெளிநோயாளி சார்ட்டில் "கேண்டிடாவாக இருக்கலாம்" என்றிருந்தால் கேண்டிடாவை விட்டுவிட்டு, உறுதியான அழற்சிக்கு மட்டும் கோடு.

பாக்டீரியா என்றால் கிருமிக்கான பி95 அல்லது பி96 இரண்டாவதாக வரும். கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) ரிப்போர்ட்டில் ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியா இருக்கிறதே என்று நாமே சேர்க்கக் கூடாதுங்க. டாக்டர் அதை நோயோடு இணைத்து எழுதியிருக்கணும். இல்லையென்றால் டாக்டரிடம் விளக்கம் கேட்டு க்வெரி அனுப்புங்க.

ஆண்குறியில் செல்லுலைட்டிஸ் (தோலடித் திசுவில் பரவும் தொற்று) தனி: என்48.22.